கான்ட்ராவில் போன காசும் மசேநியில் நின்ற காசும்

கேள்வி – 2 மார்ச் 2025

எனக்கு 29 வயது, ஐடி வேலை. மசேநியின் (மத்திய சேமநிதி, சிங்கப்பூரில் ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பு) சிறப்புக் கணக்கில் ரொக்கம் போடு, வரிச் சலுகை உண்டு என்று அப்பா நச்சரிக்கிறார். அங்கே வருஷத்துக்கு 4 சதவீதம். நான் சிஎஃப்டி டிரேடிங்கில் (சிறு முன்பணம் வைத்து, பங்கைச் சொந்தமாக வாங்காமல் அதன் விலை ஏற்ற இறக்கத்தில் காசு பார்ப்பது) பிப்ரவரி ஒரு மாதத்தில் மட்டும் 11 சதவீதம் எடுத்தேன். 55 வயது வரை தொட முடியாத இடத்தில் எதற்குக் காசைப் போட வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் யாராவது இலக்கத்தோடு பதில் சொல்லுங்கள். ‘ரிஸ்க்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிட வேண்டாம்.

3 மார்ச் 2025, இரவு 11.20

தம்பி, இலக்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். இலக்கத்தோடே ஆரம்பிக்கிறேன். 23,400 வெள்ளி. 2007 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் நான் தொலைத்தது. அப்போது என் மாதச் சம்பளம் 2,600. மசேநி பிடித்தம் போக வீட்டுக்கு வந்தது 2,080.

எனக்கு இப்போது 58. உட்லண்ட்ஸ் பக்கம் சிப் தயாரிக்கும் தொழிற்சாலையில் டெக்னீஷியன், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நீங்கள் செய்வது சிஎஃப்டி, நான் செய்தது கான்ட்ரா. உங்கள் வயதுக்காரர்கள் பலருக்குக் கான்ட்ரா தெரியாது என்பதால் சொல்கிறேன். அன்றைக்குப் பங்கு வாங்கினால் பணம் கட்ட மூன்று வேலை நாள் அவகாசம். (2018 டிசம்பரில்தான் அது இரண்டு நாளானது.) அதற்குள் விற்றுவிட்டால் முழுப் பணத்தையும் கட்ட வேண்டியதில்லை. விலை ஏறியிருந்தால் வித்தியாசம் நமக்குச் செக்காக வரும், இறங்கியிருந்தால் வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டும். ஆக, கையில் காசே இல்லாமல் எழுபதாயிரம் வெள்ளிக்குப் பங்கு வாங்கலாம். ஓரிரு நாள் கூடுதலாக இழுக்க முடிந்தால் அது ரெமிசியரின் (பங்குத் தரகரின்) தயவு.

2007 முதல் பாதி முழுக்க எனக்கு ஏறுமுகம். மார்ச்சில் 900, ஏப்ரலில் 2,300, ஜூனில் 4,100. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது, வேலையை விட்டுவிடலாமா என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் 11 சதவீதத்தைப் படித்ததும் அந்த பஸ்தான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் நடுவில், கப்பல் தொழில் சார்ந்த ஒரு பங்கு 60 லாட் வாங்கினேன். அந்தக் காலத்தில் ஒரு லாட் என்றால் ஆயிரம் பங்கு. விலை 1.14. மொத்தம் 68,400 வெள்ளி. வங்கியில் இருந்தது ஆயிரத்துக்கும் கீழே. அமெரிக்க வீட்டுக் கடன் சிக்கல் பற்றிய செய்தி அதே வாரம் சந்தையை உலுக்கியது.

எங்கள் கிளீன் ரூமுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மூன்றாம் நாள் காலை பத்தேகால் இடைவேளை. தலைமூடியைக் கழற்றி, கையுறையை உருவினேன். கையுறைக்குள் வியர்த்து விரல்நுனி எல்லாம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கிப் போயிருக்கும். அந்த விரலால் லாக்கரைத் திறந்து பார்த்தால் எடுக்காத அழைப்பு ஒன்பது. எல்லாம் என் ரெமிசியர். அறுபது வயதுச் சீனர், நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அவர் திட்டவில்லை. 0.88 போகிறது, இப்போதே விற்றுவிடு என்று கெஞ்சினார். வாடிக்கையாளர் கட்டாவிட்டால் ரெமிசியர் தன் கைக்காசைப் போட வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நான் ‘நாளைக்கு ஏறும் அங்கிள்’ என்றேன். மறுநாளும் ஏறவில்லை. 0.75இல் விற்றேன். பங்குக்கு 39 காசு, அறுபதாயிரம் பங்கு. பெருக்கிப் பாருங்கள்.

அந்த 23,400ஐ அன்றே சிறப்புக் கணக்கில் போட்டிருந்தால் 4 சதவீதக் கூட்டு வட்டியில் 18 வருஷத்தில் ஏறத்தாழ 47,400 ஆகியிருக்கும். நீங்கள் கேட்ட இலக்கம் இது. மீதியை நாளை எழுதுகிறேன், காலை ஷிப்ட்.

5 மார்ச் 2025

உங்கள் 11 சதவீதத்தைப் பற்றி ஒன்று. அது எந்தத் தொகைக்கு 11 சதவீதம்? நீங்கள் வைத்த மார்ஜினுக்கா (முன்பணத்துக்கா), நீங்கள் பிடித்திருக்கும் பங்கின் முழு மதிப்புக்கா? 5,000 வெள்ளி மார்ஜின் வைத்து 50,000 வெள்ளிப் பங்கைப் பிடித்திருந்தால், பங்கு 1.1 சதவீதம் நகர்ந்தாலே உங்களுக்கு 11 சதவீதம். அதே பங்கு பத்து சதவீதம் இறங்கினால் உங்கள் 5,000 முழுக்கப் போச்சு. அதற்கு முன்பே மார்ஜின் கால், அதாவது ‘இன்னும் பணம் கட்டு’ என்ற அழைப்பு வந்துவிடும். இரவு தாண்டி வைத்திருந்தால் வட்டி வேறு தினமும் ஏறும்.

எந்தப் பங்கு என்று நான் கேட்க மாட்டேன். நல்ல பங்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இறங்கினால் எத்தனை நாள் நீங்கள் பொறுத்திருக்க முடியும்? அதை மட்டும் எழுதிப் பாருங்கள்.

9 மார்ச் 2025, ஞாயிறு

இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று ஈசூன் அண்ணன் கேட்டிருந்தார். அண்ணே, உங்களுக்குத் தெரியாததா. 1993 சிங்டெல் தொலைபேசி நிறுவனப் பங்குதான்.

அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி சிங்டெல் பங்குச் சந்தைக்கு வந்தது. குடிமக்களுக்கு மசேநிப் பணத்தில் 1.90 வெள்ளிக்குச் சலுகை விலையில் கிடைத்தது. ஏலத்தில் கேட்டவர்கள் 3.60 கொடுத்தார்கள். எனக்கு 26 வயது. காப்பிக்கடையில் பங்கு என்ற வார்த்தையே கேட்டிராதவர்கள் எல்லாம் அன்றைக்கு நாளிதழில் விலை பார்த்தார்கள். பங்கு என்றால் ஏறும் என்று என் தலைமுறையில் நிறையப் பேர் படித்துக்கொண்டது அங்கேதான்.

ஆனால் அதிலேயே இன்னொரு பாடமும் இருந்தது, நான் கவனிக்கவில்லை. விற்காமல் வைத்திருப்பவர்களுக்கு முதல் வருஷம், இரண்டாம் வருஷம், அப்புறம் நான்காம், ஆறாம் வருஷங்களில் கூடுதல் பங்கு கொடுத்தார்கள். பொறுமைக்குக் கூலி. என் மாமியார் அதை இன்றுவரை விற்கவில்லை. அவருக்கு விலை பார்க்கத் தெரியாது, ஈவுத்தொகை வந்ததா என்று மட்டும் கேட்பார். நான் ஒரு வருஷம்கூடப் பொறுக்காமல் விற்றேன். காசு மசேநிக்கே திரும்பிப் போனது, ஏறுமுகத்தின் ருசி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

14 மார்ச் 2025, அதிகாலை

தூக்கம் வரவில்லை. 3ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கணக்கில் தவறு இருக்கிறது.

‘அந்த 23,400ஐச் சிறப்புக் கணக்கில் போட்டிருந்தால்’ என்று எழுதினேன். எந்த 23,400? அது என்னிடம் இருந்த காசே இல்லை. இல்லாத காசைத்தான் தொலைத்தேன். கான்ட்ராவின் கொடுமையே அதுதான். சேமித்ததை இழப்பது ஒரு வலி, இனிமேல் சம்பாதிக்கப்போவதை இழப்பது வேறு வலி.

நடந்தது இது. இரண்டு கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தேன். மீதியை என் அண்ணனிடம் வாங்கினேன், வேறு காரணம் சொல்லி. அட்டைக்கு வருஷம் 24 சதவீதம். வீட்டில் சொல்லவில்லை. நாலு மாதம் தபால்பெட்டிச் சாவியை நானே வைத்திருந்தேன். டிசம்பரில் ஒரு நாள் இரவு ஷிப்ட். என் மனைவி மாற்றுச் சாவி போட்டுத் தபால் எடுத்திருக்கிறாள். காலையில் வீட்டுக்கு வந்தால் தையல் மெஷின் மேல் மூன்று கடிதம், உறை பிரித்து, தேதி வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. பசியாறக் கொடுத்தாள். அப்புறம் ‘மொத்தம் எவ்வளவு’ என்று மட்டும் கேட்டாள்.

24,200 என்றேன்.

அன்றைக்கு மத்தியானமே அவள் எட்டுப் பவுன் ஆரத்தைக் கைப்பைக்குள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போனாள். அப்போது தங்கம் விலை இன்றைய மாதிரி இல்லை. அடகுக் கடையில் 1,700 கொடுத்தார்கள். மீதி 22,500க்கு வங்கியில் தவணைக் கடன். மாதம் 590 வெள்ளி, 48 மாதம். 2008 ஜனவரி முதல் 2011 டிசம்பர் வரை. ஆரத்தை ஆறு மாதக் கெடுவுக்குள் அவளே மீட்டாள், வீட்டில் ரவிக்கை தைத்த காசில்.

ஆகவே சரியான கணக்கு: 590ஐ 48 மாதம் கட்டினால் 28,320. அதே 590ஐ மாதாமாதம் சிறப்புக் கணக்கில் போட்டு, 2011க்குப் பிறகு தொடாமல் விட்டிருந்தால், 4 சதவீதத்தில் இந்த வருஷக் கடைசியில் ஏறத்தாழ 53,000 ஆகியிருக்கும். 47,400 இல்லை, 53,000. தம்பி, உங்கள் நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.

16 மார்ச் 2025

நியாயமான ஒரு மறுப்பு வந்திருக்கிறது. ‘2007 அக்டோபரில் சந்தை மறுபடி உச்சத்துக்குப் போனதே, ஆகஸ்டில் விற்றதுதான் உங்கள் தவறு’ என்கிறார் ஒருவர்.

உண்மைதான். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் எஸ்டிஐ குறியீடு அந்த அக்டோபரில் 3,800ஐத் தாண்டியது. நான் 0.75இல் விற்ற பங்கு 1.30 வரை போனது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நஷ்டமே இல்லை. ஆனால் என்னிடம் இருந்தது மூன்று நாள். என் யோசனை தவறில்லை, என் காசுக்குத்தான் ஆயுள் போதவில்லை. இதை நான் உள்ளூர ஒத்துக்கொள்ளவே பல வருஷம் ஆயிற்று. அதுவரை ‘அடுத்த தடவை சரியான நேரத்தில் வாங்குவேன்’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் சேர்த்தது: இன்னும் யோசித்தால், மேலே எழுதியது முழு உண்மையும் இல்லை. இரண்டு மாதம் பொறுக்கும் வசதி இருந்திருந்தால் அக்டோபர் உச்சத்தில் விற்றிருப்பேனா? இன்னும் நாற்பது லாட் வாங்கியிருப்பேன். 2009 மார்ச்சில் எஸ்டிஐ 1,500க்கும் கீழே போனது. அப்போது வீடே போயிருக்கும். ஆகஸ்டில் அடி வாங்கியதால்தான் 2008ஐத் தப்பினேன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

23 மார்ச் 2025

மசேநி ஒரு பூட்டு என்று எல்லோரும் திட்டுகிறார்கள், நானும் திட்டியிருக்கிறேன். இப்போது ஓய்வுக்காலத்துக்கு என்று என்னிடம் இருப்பதில் பெரும்பகுதி, நான் தொட முடியாததால் தப்பியது. 2007 செப்டம்பரில் மட்டும் அந்தக் கணக்கை எடுக்க வழி இருந்திருந்தால் எடுத்திருப்பேன். கொஞ்சமும் யோசித்திருக்க மாட்டேன்.

ஆனால் பூட்டு முழுப் பூட்டும் இல்லை. மசேநியின் இன்னொரு பகுதியான சாதாரணக் கணக்கில் 20,000 விட்டுவிட்டு மேலே உள்ளதை முதலீடு செய்யலாம். 2006இல் ஒரு கடைத்தொகுதியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சைக் கேட்டு 14,000 வெள்ளியை ஒரு நிதியில் போட்டேன். உள்ளே போகும்போதே விற்பனைக் கட்டணம் கழிந்தது. 2009இல் 8,100க்கு விற்றேன். அதற்கு எந்தக் கெடுவும் இல்லை, யாரும் விற்கச் சொல்லவில்லை. பயந்து நானே விற்றேன். ஆகவே ‘பொறுக்க முடிந்த காசு போதும்’ என்று நான் சொல்லிவருவது பாதிதான். பொறுக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். மசேநி முதலீட்டுத் திட்டத்தில் 2020 அக்டோபரிலிருந்து விற்பனைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஆகிவிட்டது. எங்கள் காலத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

4 சதவீதம் விலைவாசிக்கு ஈடுகொடுக்குமா என்று கேட்ட அக்காவுக்கு: எல்லா வருஷமும் கொடுக்காது. 2022இல் பணவீக்கம் 6.1 சதவீதம். சாதாரணக் கணக்கின் 2.5 சதவீதம் அதன் பக்கத்திலேயே நிற்க முடியாது. ஆகவே நான் எல்லாவற்றையும் அங்கே வைக்கச் சொல்லவில்லை. 2012 ஜனவரியில் கடன் முடிந்ததும், அந்த 590ஐ நிறுத்தாமல் கட்டிக்கொண்டே இருக்கலாம் என்றாள் என் மனைவி. நாலு வருஷம் அந்தக் காசு இல்லாமல் வாழ்ந்து பழகிவிட்டோம் இல்லையா. 300 எஸ்டிஐ குறியீட்டு நிதிக்கு (அந்தக் குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் நிதி), 290 மசேநிக்கு. ஒவ்வொரு மாதமும் தானாகப் போய்விடும். நான் பங்குச் சந்தைக்குத் திரும்பியது இப்படித்தான். எந்த நாளில் வாங்குவது என்ற கேள்வியே இதில் கிடையாது.

7 ஏப்ரல் 2025, இரவு

இன்றைக்கு எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க வரி அறிவிப்புக்குப் பிறகு இன்று எஸ்டிஐ ஒரே நாளில் ஏழு சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. 2008க்குப் பிறகு இப்படி விழுந்ததில்லை.

எனக்குக் காலை ஷிப்ட். பத்தேகாலுக்கு வெளியே வந்தேன். அதே கட்டடம், லாக்கர் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. கையுறையைக் கழற்றினேன், விரல் அதே மாதிரி சுருங்கியிருந்தது. கைப்பேசியில் தவறிய அழைப்பு ஒன்றும் இல்லை. மகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், வரும்போது தயிர் வாங்கி வரச் சொல்லி. குறியீட்டு நிதியில் 62,000 பக்கம் இருந்தது, ஒரு நாளில் நாலாயிரத்து அறுநூறு போல இறங்கியிருக்கிறது. என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். லேசாக நெஞ்சு படபடத்தது உண்மை. ஆனால் யாருக்கும் நான் எதுவும் கட்ட வேண்டியதில்லை. கேன்டீனில் மீ கோரெங் வாங்கிச் சாப்பிட்டேன். 2007இல் அந்த இடைவேளையில் தண்ணீர்கூட இறங்கவில்லை.

2020 மார்ச்சிலும் இதே நிதி விழுந்தது, 2,300க்கும் கீழே போனது குறியீடு. அப்போதும் விற்கவில்லை. 2009இல் பயந்தவன் இவன்தானா என்று எனக்கே ஆச்சரியம்தான்.

தம்பி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? எழுதுங்கள்.

10 ஏப்ரல் 2025

தம்பி தனிமடல் போட்டிருக்கிறார். எழுதலாம் என்று அனுமதி கொடுத்ததால் சுருக்கமாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை மார்ஜின் கால். கட்டினார். மத்தியானம் இன்னொன்று. அதையும் கட்டினார். மாலைக்குள் அவர் பிடித்திருந்த எல்லாவற்றையும் சிஎஃப்டி நிறுவனமே மூடிவிட்டது. போனது 18,000. பிடிஓ (முன்பதிவு செய்தபின் கட்டித் தரும் அரசாங்க அடுக்குமாடி) வீட்டுப் புதுப்பிப்புக்காக அவரும் அவருக்கு நிச்சயித்த பெண்ணும் இரண்டு வருஷமாகச் சேர்த்த கூட்டுக் கணக்கிலிருந்து எடுத்தது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாது.

தம்பி, திட்ட மாட்டேன். ஒன்றே ஒன்று. இன்றைக்குச் சொல்லிவிடுங்கள். நான் நாலு மாதம் தபால்பெட்டிச் சாவியை வைத்திருந்தவன். அந்த நாலு மாதத்தில் வட்டி எண்ணூறு வெள்ளிதான் ஏறியது, அதைக் கட்டி முடித்துவிட்டோம். மறைத்ததற்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பிப் பிடிக்கிறேன் என்று மறுபடி பணம் போட வேண்டாம். ‘அடுத்த வாரம் ஏறும், விட்டதைப் பிடித்துவிட்டு அப்புறம் சொல்லலாம்’ என்று ஒரு யோசனை இப்போது உங்கள் தலையில் இருக்கும். எனக்கும் இருந்தது. அடுத்த வாரம் ஏறவும் செய்யலாம். அப்படி ஏறினாலும் அது உங்கள் காசு இல்லை, அது அந்தப் பெண்ணின் அடுப்படி மேடை.

20 ஏப்ரல் 2025

தேக்காவில் தம்பியை நேரில் பார்த்தேன். பஃபலோ சாலையில் நான் காய் வாங்க வந்த நேரம். ஈரச்சந்தைக்குப் பக்கத்தில் தேநீர் குடித்தோம். சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் கணக்கு நோட்டோடு வந்தாராம். நோட்டோடு வந்தார் என்றால் நல்ல அறிகுறி, என் வீட்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

மசேநி பற்றி நிறையக் கேட்டார். இங்கே எல்லோருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம். 55 வயது வரை மொத்தப் பிடித்தம் 37 சதவீதம், நம் பங்கு 20, முதலாளி பங்கு 17. இந்த வருஷம் 55ஐத் தொடுபவர்கள் ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கி வைக்க வேண்டிய முழு ஓய்வுக்காலத் தொகை 213,000. எனக்கு 2022இல் 55 ஆனபோது 192,000 கேட்டார்கள், என்னிடம் சேர்ந்தது 118,000. அடிப்படைத் தொகையான 96,000ஐத் தாண்டியது, முழுத் தொகையை எட்டவில்லை. 65இல் மசேநி லைஃப் என்ற மாத வருமானத் திட்டம் மூலம் மாதம் ஆயிரம் வெள்ளி பக்கம் வரும், உயிரோடு இருக்கும் வரை. 70 வரை தள்ளிப் போட்டால் தள்ளும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஏழு சதவீதம் வரை கூடும். ‘உயிரோடு இருக்கும் வரை’ என்பதை இளவயதில் யாரும் கவனிப்பதில்லை. என் அப்பா 91 வரை இருந்தார்.

29 வயதில் சிறப்புக் கணக்கில் போடுவது பற்றி அவருக்கு நான் சொன்னது இது. முதலில் ஆறு மாதச் செலவுக்கான காசைத் தொடும் தூரத்தில் வையுங்கள். சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் திருப்பிக் கொடுக்கலாம். கல்யாணம், வீடு முடியட்டும். அப்புறம் மசேநி. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, அதில் அப்பா சொல்கிறார் என்று அவசரப்பட வேண்டாம். வரிச் சலுகை வருஷத்துக்கு 8,000 வரைதான்.

அவர் கேட்ட மூல கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை என்றார். சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் 11 சதவீதத்தையும் மசேநியின் 4 சதவீதத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 4 சதவீதத்தைச் சம்பாதிக்க நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். 11ஐ அடுத்த மாதமும் நீங்களே சம்பாதிக்க வேண்டும், அதற்கடுத்த மாதமும், முப்பது வருஷம், ஒரு திங்கட்கிழமைகூடத் தவறாமல்.

11 மே 2025

இடையில் வேறு ஒரு விஷயம். என் ஷிப்டில் வேலை பார்த்த ஒருவர் போன மாதம் திடீரென்று இறந்துவிட்டார், 49 வயது. தனக்குப் பிறகு மசேநிப் பணம் யாருக்கு என்ற நியமனப் படிவம் போட்டிருந்தார், கல்யாணத்துக்கு முன்னால். அம்மா பெயரில். கல்யாணம் ஆனதும் பழைய நியமனம் தானாக ரத்தாகிவிடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. உயில் எழுதினாலும் மசேநிப் பணம் உயிலில் சேராது. நியமனம் இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலரிடம் போய்ச் சட்டப்படி பிரியும். கிடைக்காமல் போகாது, ஆனால் நாளாகும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பெண் படிவங்களோடு அலைவதைப் பார்த்தேன். சிங்பாஸில் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளம்) செய்துவிடலாம், இரண்டு சாட்சி வேண்டும். இந்த வாரமே செய்யுங்கள். நானும் என் மனைவியும் திரும்பச் சரிபார்த்தோம்.

17 ஆகஸ்ட் 2025

எஸ்டிஐ 4,000ஐத் தாண்டிவிட்டது என்பதால் இங்கே உற்சாகம் தெரிகிறது. ஏப்ரலில் விழுந்ததெல்லாம் திரும்பி வந்து மேலேயும் போய்விட்டது. தம்பி விட்ட அதே பங்குகளும் ஏறியிருக்கும். அவருக்கு அது வலிக்கும், எனக்குத் தெரியும். 2007 அக்டோபரில் நாளிதழின் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துவிட்டு மற்றதைப் படிப்பேன்.

ஓய்வுப் பணத்தையும் குறியீட்டு நிதிக்கே மாற்றலாமே என்று கேட்டவருக்கு: 58இல் நான் மாட்டேன். 63 ஓய்வு வயது, மறுவேலை 68 வரை என்று இருக்கிறது, அடுத்த ஜூலையில் 64, 69 ஆகிறது. என் முழங்கால் 69 வரை அந்த வெள்ளை உடுப்பில் நிற்குமா தெரியாது. வேலை நிற்கும் வருஷத்தில் சந்தை விழுந்தால், நானும் 2007 மாதிரி கட்டாயத்தில் விற்க வேண்டியிருக்கும். மாத 300 அப்படியே போகட்டும்.

2 நவம்பர் 2025

மனைவியின் கணக்கு. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

வீட்டில் தைத்தவள், பிறகு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் பகுதி நேரம். அவள் ஓய்வுக்காலக் கணக்கு அடிப்படைத் தொகைக்கு வெகு கீழே. இத்தனை வருஷம் மாத 290 முழுக்க என் பெயரில்தான் போனது, வரிச் சலுகை எனக்கு என்பதால். அவள் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடனை அடைத்தது அவள் யோசனை, சேமிப்பு என் பெயரில். இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

இந்த வருஷத்திலிருந்து ஈடான ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் வருஷத்துக்கு 2,000 வெள்ளி வரை நாம் போட்டால் அரசாங்கம் அதே அளவு போடுகிறது. வாழ்நாளுக்கு 20,000 வரை. முன்பு 600தான், 70 வயது வரம்பும் இருந்தது, இப்போது அந்த உச்ச வரம்பு இல்லை. சம்பளம் சராசரியாக மாதம் 4,000க்கு மேல் போகக் கூடாது, வீட்டின் ஆண்டு மதிப்புக்கும் வரம்பு உண்டு. அந்த 2,000க்கு வரிச் சலுகை கிடையாது. இருக்கட்டும், போட்ட காசு இரட்டிப்பாகிறது, எந்தப் பங்கு அப்படிக் கொடுக்கும்? உங்கள் அம்மாவுக்கு, அத்தைக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். வருஷம் முடிய இரண்டு மாதம்கூட இல்லை.

தீபாவளி போனஸிலிருந்து நேற்று 2,000 போட்டேன். என் பெயரில் போன 290ஐ நிறுத்தி அவள் பெயருக்கு மாற்றினேன்.

18 ஜனவரி 2026

2007 டிசம்பரிலிருந்து வீட்டின் எல்லா வங்கிக் கணக்கும் மனைவி கையில்தான். என் கைப்பேசியில் வங்கிச் செயலியே கிடையாது, குறியீட்டு நிதியின் விலையை மட்டும் பார்க்கலாம். அது நான் கேட்டு வைத்துக்கொண்ட ஏற்பாடு.

இன்று காலை பொங்கல் பானை கழுவிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு சிங்பாஸ் திறந்து பார்த்தாள். அரசாங்கத்தின் 2,000 வந்திருக்கிறது. கண்ணாடி போடாமல் இரண்டு தடவை வாசித்தாள். அப்புறம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, ‘நீயும் பார்’ என்றாள்.

தம்பி, மார்ச்சில் சாவி கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புதுப்பிப்புக்கு இன்னும் ஏழாயிரம் குறைகிறது என்றால் அறைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அடுப்படி மேடையை முடியுங்கள். தெம்பனிஸில் நல்ல மேஸ்திரி ஒருவரை எனக்குத் தெரியும், எண்ணைத் தனிமடலில் அனுப்புகிறேன்.